விரிசலுக்கு அடியில் இருக்கும் பொந்தை முதலில் அடையுங்கள்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையில் எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில் 3 அடிக்கு 3 அடி வெள்ளை ஃபைபர் ஷவர் ட்ரே இருக்கிறது. என் கணவர் துபாயில் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு, வீடு கட்டும்போதே பதித்தது. 6 வருடம் ஆகிறது. தண்ணீர் போகும் துளையிலிருந்து மூன்று விரல் தள்ளி ஆரம்பித்து, மூலைப் பக்கமாக 22 செ.மீ. நீளத்துக்கு விரிசல் விட்டிருக்கிறது. கொத்தனார் வெள்ளை சிமென்ட் வைத்தார், போய்விட்டது. கையால் பிசைந்து ஒட்டும் எபாக்ஸி புட்டியை நானே வைத்தேன். மூன்று வாரத்தில் ஓரம் கிளம்பிவிட்டது. இப்போது கீழ் அறைக் கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம் தெரிகிறது. ட்ரேயை உடைத்து எடுத்துவிட்டு டைல்ஸ் போடச் சொல்கிறார்கள். உம்மாவுக்கு 72 வயது. அவர்கள் குளிப்பது இந்த அறையில்தான். உடைக்காமல் வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம், சகோதரி. ஒரே கோடாக 22 செ.மீ. ஓடும் விரிசலை உடைக்காமலே சரிசெய்யலாம். அதற்கு வேண்டிய பொருள் எல்லாம் உங்கள் கரையிலேயே கிடைக்கும். மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கம் ஃபைபர் வள்ளத்துக்கு ஒட்டுப் போடுகிறவர்கள் வாங்கும் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் பிசின்)தான் உங்கள் ட்ரேக்கும் மருந்து. ஆனால் இதுவரை இரண்டு முறை ஒட்டியும் நிற்காததற்குக் காரணம் ஒட்டிய பொருள் மட்டமானது என்பதில்லை. அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் எதை ஒட்டினாலும் மூன்றாவது முறையும் கிளம்பும்.

உலர்ந்த ட்ரேயில் ஏறி நின்று, விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு காலை அழுத்திப் பாருங்கள். விரிசலின் இரண்டு உதடும் மேலும் கீழும் அசையும். அடியிலிருந்து கொஞ்சம் தண்ணீர்கூடப் பிதுங்கலாம். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் ட்ரே முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். அடியில் கெட்டியாக இருக்கும் இடத்தில் 'டக்' என்று கேட்கும். பொந்தாக இருக்கும் இடத்தில் 'தொம்' என்று கேட்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். நான்கு மூலையிலும் செங்கல் துண்டு வைத்து, நடுவில் மணலைக் கொட்டி, அதன்மேல் ட்ரேயை உட்காரவைப்பது இங்கே வழக்கம். மணல் நாளடைவில் அமர்கிறது. கசிவு தொடங்கிவிட்டால் தண்ணீரோடு நகர்ந்தும் போகிறது. நடுவில் ஒரு விரல் உயரத்துக்கு வெற்றிடம் விழுந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஃபைபர் தகடு வளைந்து நிமிர்கிறது. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போலத்தான் இதுவும். வெள்ளை சிமென்டுக்கும் கெட்டிப் புட்டிக்கும் வளையும் குணம் கிடையாது. ஆடுகிற தகட்டின் மேல் அவை நிற்காது.

ஆகவே வேலையின் வரிசை இது: கசிவு எங்கிருந்து என்று உறுதிசெய்வது, பொந்தை நிரப்புவது, உலர்த்துவது, அதற்குப் பிறகே ஒட்டுப் போடுவது. ஒட்டுப் போடும் வேலை இரண்டு காலைப் பொழுதில் முடிந்துவிடும். உலரத்தான் நாள் ஆகும். அந்த நாளைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

கசிவு விரிசலில் இருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டும் முன் மூன்று சோதனை செய்யுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கீழ் அறைக் கூரையைப் பாருங்கள். ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு வைத்தால் வளர்கிறதா இல்லையா என்று தெரியும். முதல் நாள், ஹோஸ் குழாயை வடிகால் துளைக்குள் நேராக நுழைத்து, ட்ரே நனையாமல் 15 நிமிடம் தண்ணீர் விடுங்கள். இதில் ஈரம் வளர்ந்தால் கோளாறு வடிகால் இணைப்பில். அடுத்து, துளையைத் துணிசுற்றிய ரப்பர் மூடியால் இறுக அடைத்து, விரிசலில் படாத அளவுக்கு வடிகாலைச் சுற்றி மட்டும் கொஞ்சம் தண்ணீர் தேக்குங்கள். இதில் ஈரம் வளர்ந்தால் வடிகால் விளிம்பு வாஷர் போயிருக்கிறது. கடைசியாக, விரிசலின் மேல் அகலமான டேப் ஒட்டி மூடிவிட்டு, ஷவரைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சுவரை மட்டும் நனையுங்கள். இதில் ஈரம் வளர்ந்தால் சுவரும் ட்ரேயும் சேரும் ஓரம் திறந்திருக்கிறது. மூன்றிலும் வளராவிட்டால் விரிசல்தான் வழி. பல வீடுகளில் விரிசலும் ஓரமும் சேர்ந்தே கசியும். அதனால் ஓரத்தைக் கடைசியில் எப்படியும் புதிதாக அடைக்கப் போகிறோம்.

கீழ் அறையில் ஈரம் தெரியும் இடத்துக்கு அருகே விளக்கோ மின்விசிறியோ இருந்தால், அந்த இணைப்பை இன்றே நிறுத்திவையுங்கள். கூரைப் பூச்சு உப்பி, விரிசல் விட்டு, துருக்கறை தெரிந்தால் ட்ரேயை ஒத்திவைத்துவிட்டுக் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். கடற்கரை வீட்டில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உப்பு கலந்த தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொண்டு, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், இந்தக் கசிவு சாதாரணத் தண்ணீர்க் கசிவைவிட மோசமானது.

இனி, ட்ரே எந்தப் பொருளால் ஆனது என்று பார்க்க வேண்டும். 'ஃபைபர்' என்று விற்கப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்துச் செய்து, மேலே ஜெல் கோட் என்னும் வழவழப்பான நிறப்பூச்சு பூசியது. மற்றது, மேலே அக்ரிலிக் தகடு, அடியில் மட்டும் ஃபைபர். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் பத்து விநாடி தேயுங்கள். பிசுபிசுத்து மங்கினால் அக்ரிலிக். ஒன்றும் ஆகாவிட்டால் ஜெல் கோட். அக்ரிலிக் என்றால் அதன்பிறகு அசிட்டோனையும் தின்னரையும் கிட்டே கொண்டுவராதீர்கள். கீழே நான் விரிவாகச் சொல்வது ஜெல் கோட் ட்ரேக்கு. அக்ரிலிக்குக்கான மாற்றத்தை அதன் பின் சொல்கிறேன்.

பொந்தை நிரப்புவதற்கு வருவோம். சாக்பீஸ் வட்டம் 45 செ.மீ.க்கு 35 செ.மீ., வெற்றிடம் சராசரி 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நிரப்ப வேண்டியது சுமார் 1.6 லிட்டர். இதற்கு நான் பரிந்துரைப்பது சுருங்காத சிமென்ட் கிரவுட், அதாவது தண்ணீரில் கலந்து இடுக்கில் ஊற்றும் சிமென்ட் தூள். ஒரு லிட்டர் இடத்துக்கு ஏறத்தாழ 2 கிலோ தூள் பிடிக்கும். வீணாவதையும் சேர்த்து 3.5 கிலோ போதும். சாதாரண சிமென்ட் பால் ஊற்றினால் தண்ணீர் மேலே பிரிந்து, காய்ந்ததும் கலவை சுருங்கி, தகட்டுக்கு அடியில் மறுபடி ஒரு மெல்லிய இடைவெளி விழும். வெற்றிடம் அரை செ.மீ.க்கும் குறைவென்றால் கிரவுட் உள்ளே ஓடாது. அங்கே குறைவாக உப்பும் வகைப் பாலியூரித்தேன் நுரையைப் பயன்படுத்தலாம். கதவுச் சட்டத்தைச் சுற்றி அடைக்கும் சாதாரண நுரை வேண்டாம். அது ட்ரேயைத் தூக்கி வாட்டத்தையே கெடுத்துவிடும்.

வட்டத்தின் ஒரு முனையில் ஒன்று, எதிர் முனையில் ஒன்று என 12 மி.மீ. துளை இரண்டு போடுங்கள். ட்ரில் பிட்டின் நுனியிலிருந்து 8 மி.மீ. தள்ளி டேப் சுற்றிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது. வடிகால் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கீழ் அறையிலிருந்தோ வெளிச்சுவரிலிருந்தோ பார்த்து, அந்தக் கோட்டைத் தவிர்த்துவிடுங்கள். விரிசலின் மேல் அகல டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கலவை அதன் வழியே மேலே வந்து, பிறகு ஒட்டுப் போடும் இடத்தைக் கெடுக்கும்.

கிரவுட்டைக் கலக்க நல்ல தண்ணீர்தான் வேண்டும். போர் தண்ணீரில் கலந்தால் அந்த உப்பை நாமே தளத்துக்குள் இறக்குகிறோம். மூட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு குவளைகூடக் கூட்டாமல், தோசை மாவைவிடச் சற்று நீர்த்த பதத்தில் கலந்து, புனல் வழியாக ஒரு துளையில் ஊற்றுங்கள். மற்றத் துளை காற்று வெளியேற. அங்கே கலவை எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள்.

பலரும் தவறுவது புனலின் உயரத்தில். புனலில் 15 செ.மீ. உயரத்துக்குக் கலவை நின்றாலே, இந்த அளவுப் பொந்தின் கூரையை 40 கிலோவுக்கு மேலான விசையோடு அது மேலே தள்ளும். ட்ரே தூக்கிக்கொண்டால் அதே நிலையில் இறுகிவிடும். பிறகு தண்ணீர் வடிகாலை விட்டு மூலையில் தேங்கும். அதனால் புனலைத் தாழ்வாகப் பிடியுங்கள். 20 லிட்டர் தண்ணீர்க் கேன் நான்கை ட்ரேயின் மேல் வையுங்கள். ஆனால் பொந்துக்கு நேர் மேலே வைத்தால் தகடு கீழே வளைந்து இடமே இல்லாமல் போகும். பொந்தைச் சுற்றிக் கெட்டியாகக் கேட்ட இடங்களில் வையுங்கள். மறுநாள் வரை கேனை எடுக்க வேண்டாம். ஊற்றும்போதே ரசமட்டத்தை வைத்து, வடிகால் பக்கம் வாட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நாணயத்தால் மறுபடி தட்டுங்கள். எல்லா இடமும் 'டக்' என்று கேட்க வேண்டும். ஏறி நின்றால் விரிசல் அசையக் கூடாது. அசைந்தால் இன்னொரு துளை போட்டு மீதியை நிரப்புங்கள். அசையும் ட்ரேயில் ஒட்டு வேலையைத் தொடங்கவே கூடாது.

அடுத்தது உலர்த்துதல். அதற்கு முன், விரிசலை நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். உலர்த்தப் போகிற இடத்தில் ஏன் தண்ணீர் என்று தோன்றும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் விரிசலின் உள்சுவரில் உப்புப் பூத்திருக்கும். அதன்மேல் ரெசின் ஒட்டினால் தூசிமேல் ஒட்டியது போலத்தான். கழுவித் துடைத்துவிட்டு, மேசை மின்விசிறியை ட்ரேயை நோக்கி வைத்து நான்கு நாளாவது ஓடவிடுங்கள். பிறகு விரிசலின் மேல் ஒரு பாலிதீன் துண்டை வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஓர் இரவு விடுங்கள். காலையில் பாலிதீனின் அடியில் முத்துமுத்தாக நீர் நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இது எளிதில் காயாது. முடிந்தால் மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுப் பராமரிப்பு மும்முரமாக நடக்கும். தேர்ந்த ஃபைபர் வேலைக்காரர் ஒருவரைக் கூப்பிட நினைத்தால் அந்த இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

வாங்க வேண்டியவை: சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் கால் சதுர மீட்டர், ஐசோ ரெசின் அரை கிலோ, ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் சிறு புட்டி, வெள்ளை ஜெல் கோட் 250 கிராம், அசிட்டோன் அரை லிட்டர், 80, 120, 240, 400, 600 எண் உப்புத்தாள் இரண்டிரண்டு, ஒரு அங்குல பிரஷ் மூன்று, ஊசி இல்லாத 2 மில்லி சிரிஞ்ச், கிராம் தராசு, தடிமனான ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒன்று. கடைக்காரர் பொது உபயோகத்துக்கான 'ஜிபி ரெசின்' மலிவு என்பார். எப்போதும் நனையும் இடத்துக்கு ஐசோவையே கேளுங்கள்; தண்ணீரை அது அதிகம் தாங்கும்.

ரெசின் வாங்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: "இதில் கோபால்ட் கலந்திருக்கிறதா?" ரெசின் இறுகுவதை வேகப்படுத்துவது அதுதான். ஆம் என்று சொல்லும் ரெசினையே வாங்குங்கள். கோபால்ட்டைத் தனிப் புட்டியில் கொடுத்தால், அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், கடையிலேயே ரெசினில் கலந்து தரச் சொல்லுங்கள். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் போடாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். ஒரு சொட்டு தெறித்தாலும் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். ரெசின் ஆவியும் தீப்பற்றக்கூடியது. வேலை நடக்கும் நாளிலும் மறுநாளும் மாடியில் சாம்பிராணிப் புகை போட வேண்டாம். ஜன்னலைத் திறந்து, விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். உம்மா அந்த இரண்டு நாளும் கீழேயே இருக்கட்டும்.

விரிசலின் இரண்டு முனையையும் உருப்பெருக்கியால் தேடிப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டி மயிரிழையாக இன்னும் ஓடியிருக்கும். பேனா மையைத் தடவித் துடைத்தால் கோடு தெளிவாகத் தெரியும். உண்மையான முனையில் 3 மி.மீ. துளை ஒன்று, இரண்டு பக்கமும் போடுங்கள். கூர்மையான முனையில்தான் இழுவிசை குவிந்து விரிசலை முன்னே தள்ளுகிறது. துளை அந்தக் கூர்மையை உருண்டையாக்கிவிடும். விரிசல் அங்கேயே நின்றுவிடும். இதைச் செய்யாமல் ஒட்டியதால் ஒட்டின் ஓரத்திலிருந்து புது விரிசல் கிளம்பிய ட்ரேக்கள் நிறைய உண்டு.

பிறகு கோட்டின் நெடுக 2 மி.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் பள்ளம் எடுங்கள். சின்ன ரோட்டரி கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஹாக்ஸா பிளேடை உடைத்து அதன் முனையால் இழுத்துச் சுரண்டலாம். அடுத்து, விரிசலின் இரு பக்கமும் 6 செ.மீ. அகலத்துக்கு 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஆழமற்ற கிண்ணம் போலப் பள்ளமாக்க வேண்டும்: நடுவில் 2 மி.மீ. ஆழம், ஓரத்தில் பூஜ்யம். கையால் தேய்த்தால் ஒரு காலைப்பொழுது முழுக்கப் போகும். உப்புத்தாள் மாட்டிச் சுழலும் சாண்டர் மிஷின் இருந்தால் அரை மணி. இந்தப் பள்ளம் இல்லாமல் ஒட்டினால் ஒட்டு மேடாக நிற்கும், தண்ணீர் அதன் ஓரத்தில் தங்கும், கால் இடறும். இழைத் தூசி தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகவே கூடாது. என்-95 முகக்கவசம், முழுக்கைச் சட்டை. வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் முதலில் கழுவிவிட்டு அப்புறம் சோப்பு.

தூசியை உறிஞ்சி எடுத்து, அசிட்டோன் துணியால் ஒரே திசையில் துடையுங்கள். பத்து நிமிடத்தில் ஆவியாகிவிடும். இனி விரல் படக் கூடாது.

மேட்டில் இரண்டு துண்டு வெட்டுங்கள்: 30 x 11 செ.மீ. ஒன்று, 26 x 7 செ.மீ. ஒன்று. இரண்டும் சேர்ந்து 16 கிராம்கூட வராது. மேட்டின் எடைக்கு இரண்டரை மடங்கு ரெசின் என்பது கணக்கு. பள்ளம் அடைக்கவும் முதல் பூச்சுக்கும் பிரஷ் குடிப்பதற்கும் சேர்த்து மொத்தம் 100 கிராம் போதும். அதையும் ஒரே கப்பில் கலக்காமல் 50, 50 கிராமாக இரண்டு முறை கலக்குங்கள். 50 கிராமுக்கு அரை மில்லி கேட்டலிஸ்ட், அதாவது நூற்றுக்கு ஒன்று. அதற்குக் குறைத்தால் முழுதாக இறுகாமல் பல மாதம் பிசுபிசுக்கும். உங்கள் ஊர் வெயிலில் கூட்டினால் கப்பிலேயே கொதித்துக் கட்டியாகிவிடும். காலை 6 மணிக்குத் தொடங்குங்கள். மதியத்தில் செய்தால் கால் மணி நேரம்கூடக் கையில் நிற்காது.

முதல் கப்பில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து, மேட்டிலிருந்து பிய்த்து அரை செ.மீ. அளவாக நறுக்கிய இழையைக் குழைத்து, 'வி' பள்ளத்திலும் முனைத் துளைகளிலும் கிரவுட் ஊற்றிய 12 மி.மீ. துளைகளிலும் அழுத்தி நிரப்புங்கள். மீதியைப் பள்ளம் முழுக்கப் பூசி, பெரிய துண்டை முதலில் போடுங்கள். சிறியதை அடியில் போடுவோரும் உண்டு. பெரியது முதலில் என்பதே என் கணிப்பில் நல்லது. தேய்த்த பழைய தகட்டின் முழுப் பரப்பும் ஒரே துண்டைப் பிடித்துக்கொள்ளும், பிறகு ஓரத்தைத் தேய்க்கும்போது அந்தப் பிடிப்பு அறுபடாது. பிரஷை இழுக்காமல் நுனியால் குத்திக் குத்தி நனையுங்கள். இழுத்தால் இழை கலைந்து பிரஷோடு வரும். வெள்ளை மேட் கண்ணாடி போலத் தெளியும்வரை குத்த வேண்டும். வெள்ளையாக மீந்திருக்கும் புள்ளி ஒவ்வொன்றும் காற்று, நாளைக்குத் தண்ணீர் புகும் வழி. இரண்டாம் கப்பைக் கலந்து சின்னத் துண்டையும் இப்படியே. மீந்த ரெசினைக் கப்போடு வெளியே எடுத்துப்போய் மணல்மேல் வையுங்கள், சூடேறிப் புகையும்.

மறுநாள் 120 எண் தாளால் தேய்த்து, நடுவில் அரை மி.மீ. பள்ளம் இருக்கும்படி சமப்படுத்துங்கள். அந்த இடம் ஜெல் கோட்டுக்கு. 50 கிராம் ஜெல் கோட்டுக்கு முக்கால் மில்லி கேட்டலிஸ்ட். 6 வருட ட்ரே தூய வெள்ளையாக இருக்காது. மஞ்சள் பிக்மென்ட்டைத் தீக்குச்சி நுனியளவு தொட்டுக் கலந்து, கேட்டலிஸ்ட் விடுவதற்கு முன்பே ஒரு சொட்டைத் ட்ரேயில் வைத்து நிறம் பாருங்கள். ஜெல் கோட் காற்றுப் பட்டால் மேல்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அதனால் பூசியதும் ஓ.எச்.பி. ஷீட்டை ஒரு முனையிலிருந்து மெல்லப் படியவைத்து, பழைய ஏ.டி.எம். அட்டையால் குமிழியை வெளியே தள்ளுங்கள். மாலையில் உரித்தெடுத்தால் வழவழப்பாக வந்திருக்கும். கச்சான் காற்று (மேல்காற்று) வீசும் மாதமென்றால், பூசி ஷீட் படியும்வரை ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டுங்கள். பறந்து வரும் பொடிமணல் ஒன்று படிந்தாலும் அந்த இடத்தை மறுபடி தேய்க்க வேண்டிவரும்.

கடைசித் தேய்ப்பு 240, 400, 600, தண்ணீர் தொட்டு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாலிஷ் போட்டால் அழகாக மின்னும், ஆனால் 72 வயதில் அந்தப் பளபளப்பில் கால் வைப்பது ஆபத்து. மங்கலாக இருப்பதே உம்மாவுக்குப் பாதுகாப்பு.

அக்ரிலிக் ட்ரே என்றால் பொந்து நிரப்புவது, முனைத் துளை, பள்ளம் எல்லாம் இதேதான். துடைப்பது சோப்புத் தண்ணீரால். ரெசின் மட்டும் எபாக்ஸி. அதோடு இந்த மேட்டைப் பயன்படுத்தாதீர்கள். மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, ஐசோ போன்ற பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்னும் திரவத்தில்தான் கரையும். எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை, மேட் விறைப்பாகவே நிற்கும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடி இழைத் துணி இரண்டு அடுக்கு போடுங்கள். எபாக்ஸியை இறுகவைக்கும் ஹார்ட்னரின் அளவு புட்டியில் சொன்னதுதான். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டினால் இறுகாது, கெடும். காய்ந்ததும் மேலே மெழுகுபோல ஒரு படலம் நிற்கும், வெறும் தண்ணீரால் கழுவிவிட்டுத் தேயுங்கள். இதன்மேல் ஜெல் கோட் சரியாகப் பிடிக்காது. இரண்டு டப்பாவாக வரும், கலந்து பூசும் பாலியூரித்தேன் பெயின்ட்தான் வேண்டும்.

இனி ஓரம். சுவருக்கும் ட்ரேக்கும் நடுவே இருக்கும் வெள்ளை சிமென்ட், பழைய சிலிக்கான் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, 5 மி.மீ. இடைவெளியை வெறுமையாக்குங்கள். பூஞ்சை பிடிக்காத நியூட்ரல் சிலிக்கான் வாங்குங்கள். வினிகர் வாசம் வரும் மலிவு வகை வேண்டாம். அதன் அமிலம் சிமென்டோடு வினைபுரிந்து பிடிப்பை இழக்கும். அடைக்கும்போது அந்த நான்கு தண்ணீர்க் கேனையும் ட்ரேயில் ஏற்றிவையுங்கள். எடை ஏறும்போது ஓரம் மயிரிழை திறக்கும். திறந்த நிலையில் அடைத்தால் பிறகு ஆள் ஏறி நிற்கும்போது சிலிக்கான் இழுபடாது. மறுநாள் கேனை இறக்குங்கள்.

வடிகால் மூடியின் நடுவில் திருகு இருந்தால், அதைக் கழற்றி வாஷரை மாற்றிவிடுங்கள். திருப்பி மாட்டும்போது கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். ஸ்பேனரால் பலம்கொண்ட மட்டும் இறுக்குவதால்தான் வடிகாலைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் விடுகிறது. உங்கள் விரிசல் வடிகாலைத் தொடாமல் மூன்று விரல் தள்ளி நிற்பது நல்லதாகப் போயிற்று. மை தடவிப் பார்க்கும்போது அது வடிகால் விளிம்புக்கு அடியில் ஓடுவது தெரிந்தாலோ, தரையும் நிமிர்ந்த ஓரமும் சேரும் வளைவில் ஏறியிருந்தாலோ, கிளை கிளையாகப் பிரிந்திருந்தாலோ, ட்ரேயை எடுப்பதுதான் சரி. அந்த நிலையில் ஒட்டுப் போடுவது பணத்தை வீணாக்கும்.

ஒரு வாரம் ஆறவிட்டு, வடிகாலை அடைத்து, 4 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். பக்கத்திலேயே ஒரு தாம்பாளத்தில் அதே உயரத்துக்குத் தண்ணீர் வைத்து அதையும் குறியுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் அது காற்று குடித்தது. ட்ரேயில் அதிகம் குறைந்தால் எங்கோ இன்னும் வழி இருக்கிறது.

சோதனையில் தேறிய பிறகும் கீழ் அறைக் கூரை இரண்டு மூன்று வாரம் ஈரமாகவே இருக்கலாம். மாடிக் குளியலறைத் தளத்தைத் தாழ்த்திக் கட்டி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பார்கள்; அதில் ஊறிய தண்ணீர் வடிய அவ்வளவு நாள் ஆகும். வேலை பலிக்கவில்லை என்று பயந்து மறுபடி எதையும் பிரிக்காதீர்கள். பென்சில் கோட்டைத் தாண்டி ஈரம் வளராமல் இருக்கிறதா என்று மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள். கூரைக்குப் பெயின்ட் அடிப்பது, மேலே சொன்ன பாலிதீன் சோதனையில் அங்கேயும் நீர் முத்து நிற்காத பிறகு. உப்புக்கறை நீக்க அந்தக் குளியலறையில் ஆசிட் ஊற்றும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஜெல் கோட் மங்கும், டைல்ஸ் இடுக்கு சிமென்ட் கரையும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் தேய்த்தால் கறை போய்விடும்.